நாலாயிரத்துச் சொச்சம் அடி

வெடியால அஞ்சரைக்கு
வாசல் தெளித்த ஈரம் காயுமுன்
செருப்பை மாட்டிக்கொள்கிறோம்.
"சர்க்கரை இருநூத்தி எண்பது, நடந்தே ஆகணும்"
என்றார் கொழிஞ்சாம்பாறை டாக்டர்.
அந்த எண்ணுக்கு நன்றி.
அது மட்டும் இல்லையென்றால்
இவர் இந்நேரம் குப்புறக் கிடப்பார்,
நான் குக்கருக்குக் காவல் நிற்பேன்.

சித்திரை பிறந்து பன்னிரண்டு நாள்.
கோரையாற்றில் தண்ணீர் இல்லை.
ஆனாலும் பாலத்தில் நின்று
எட்டிப் பார்க்காமல் போனதில்லை.
ராத்திரி யார் யார் நடந்தார்கள் என்று
மணலில் எழுதியிருக்கிறது:
கீரி, ஒரு நண்டு,
தோகையை இழுத்துக்கொண்டு போன மயில்,
குறுக்கே யாரோ தள்ளிக்கொண்டு போன மொபெட்.

செக்போஸ்ட்டில் கோழி வண்டி ஒன்று.
டிரைவர் தூங்குகிறான்,
கோழிகள் விழித்திருக்கின்றன.
எங்களை யாரும் நிறுத்துவதில்லை.
என் கையில் தூக்குவாளி,
இவர் பையில் இரண்டு மாத்திரை.
என்ன கொண்டு போறீங்க என்று
ஒரு நாளாவது கேட்கக் கூடாதா?

கம்பம் தாண்டியதும்
சுவரொட்டி எழுத்துகள் உருண்டு படுத்துக்கொள்கின்றன.
டீயின் விலை ஒரு ரூபாய் கூடுகிறது.
செம்பட்டை நாய் ஒன்று எங்கிருந்தோ வந்து
கூடவே நாலு மின்கம்பம் நடக்கும்.
ஐந்தாவதில் நிற்கும்.
பிஸ்கட் காட்டினாலும் வராது.
எங்களுக்குத் தெரியாத ஏதோ மாநிலம்
அங்கே முடிகிறது போல.

பனங்காட்டில் நுங்கு வெட்டுகிற சத்தம்.
நுங்குக்குச் சர்க்கரை ஏறாது என்று
அந்த நேரத்துக்கு மட்டும் இவரே டாக்டர்.
கட்டை விரலை விட்டு நெம்புவார்,
நீர் தெறித்து என் மூக்குக்கண்ணாடியில் விழும்.
முப்பத்தொரு வருஷமாக
ஒரு நுங்கும் சிந்தாமல் தின்றதில்லை இந்த மனுஷன்.

பீபாத்துமாள் வீட்டுப் பலா
மரத்தடியில், மண்ணைத் தொட்டபடி காய்த்திருக்கிறது.
பால் ஊற்றிவிட்டு, தாளில் மடித்துத் தருவாள்:
"பத்துச் சுளை. அண்ணனுக்கு ரெண்டுதான்,
எண்ணி வச்சிருக்கேன்."
வீடு சேரும்போது ஏழு இருக்கும்.
நானும் இவரும்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

பதினோரு மணிக்கு
எல்லா ஜன்னலையும் சாத்திவிடுகிறேன்.
கொடியில் நனைத்துப் போட்ட துண்டு.
மொட்டை மாடியில் மோர்மிளகாய்,
அதற்குக் காவலாக ஒரு கறுப்புக் குடை.
காக்கைகள் இப்போது
குடைக்கு அடியில் நிழலுக்கு உட்காருகின்றன.
சிவப்புச் சிமெண்ட் தரையில் வெறுமனே படுப்பேன்.
முதுகுக்குக் கீழ் சூடேறியதும் ஒரு சாண் நகர்வேன்.
மூன்று மணிக்குள்
அறை முழுவதும் படுத்து முடித்திருப்பேன்.
மீதி இடம் சமையல்கட்டில்தான்.

பொழுதோட இங்கே கரண்ட் போகும்.
ஆற்றுக்கு அந்தப்பக்கம் விளக்குகள் எரியும்.
மாடியில் பாயை விரித்து
அவர்கள் வெளிச்சத்தில் வெங்காயம் உரிப்பதாகப்
பாவனை செய்வேன்.
சில ராத்திரி மாறி நடக்கும்,
பீபாத்துமாள் மகன் சார்ஜரோடு வருவான்.
நேற்று கணவாயிலிருந்து காற்று கிளம்பி
மண் வாசனையை மட்டும்
கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது.
மழை பாலம் வரைக்கும்தான் வந்ததாம்.
நாயிடம் கற்றிருக்கும்.

போனை எடுத்து அடிக்கணக்கு பார்ப்பார்:
நாலாயிரத்துச் சொச்சம்.
டாக்டர் கேட்டது ஆறாயிரம்.
"நின்னு பார்த்ததையும் சேர்த்தா வந்துரும்" என்பார்.

இன்றைக்கு லேபில் சீட்டு வாங்கினேன்.
நூற்று அறுபது.
வழியெல்லாம் அந்த எண்ணை
ஒரு கெட்ட செய்தி போலத் தூக்கி வந்தேன்.
மோர் ஆற்றிக் கொடுத்துவிட்டு,
முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்:
"இருநூத்தி இருபது."

சீட்டை வாங்கினார்.
வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படித்தார்.
"அடடா. இன்னும் நடக்கணும் போலிருக்கே" என்றார்.
கண்ணாடி போட்டுத்தான் இருந்தார்.